மூன்றாவது எச்சரிக்கை

டீயைக் கொண்டுவந்து வைத்த பாவா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தேவசேனா நிமிர்ந்து பார்க்கவில்லை. சோதனைக்குப் போகும் கடைகளில் இப்படிப் பதற்றத்தோடு நிற்பவர்களை எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கோயம்புத்தூர் டீ கம்பெனி ஒன்றின் கிளைக் கடை அது. மூஞ்சிக்கல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, சொந்தக் கட்டடத்தில், பாவாவும் அவர் மனைவி ஃபக்ருன்னிசாவும் நடத்தினார்கள். போர்டு, கப், டீத்தூள், பால் பவுடர் எல்லாம் கம்பெனியுடையது. வெளிச்சரக்கு எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது ஒப்பந்தம். அதைச் சோதித்து எழுதுவது தேவசேனாவின் வேலை.

வியாபாரம் எப்படி என்று பேச்சுக்குக் கேட்டாள். கம்பெனி போர்டு மாட்டியதிலிருந்து ஜீப் டிரைவர்கள் வருவதில்லை, பால் பவுடரில் போட்ட டீ அவர்களுக்கு இறங்கவில்லை என்றார் பாவா.

டீயை ஒரு வாய் குடித்தாள். பவுடர் இல்லை, கறந்த பால்.

பால் கேன் கல்லாவுக்குப் பக்கத்திலேயே, மூடிகூட இல்லாமல் இருந்தது. அதன் கழுத்தில் ‘வில்பட்டி’ என்று பக்கத்துக் கிராமத்தின் பெயரைப் பெயின்டில் எழுதியிருந்தது. கம்பெனியின் பவுடர் பாக்கெட்டுகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் அடுக்கியிருந்தன. வரும் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லியும் இந்த மனுஷனுக்கு அதை மறைக்கத் தோன்றவில்லையே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

டேப்லெட்டில் நாற்பத்திரண்டு கேள்விகள். பத்தொன்பதாவது கேள்வி, கம்பெனிப் பால் மட்டும் பயன்படுத்தப்படுகிறதா என்பது. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இந்தக் கடைக்கு அதில் ‘இல்லை’ என்று எழுதியவள் அவளேதான். இரண்டு எச்சரிக்கைகள். மூன்றாவது விழுந்தால் ஒப்பந்தம் தானாகவே ரத்து.

விரல் அங்கேயே நின்றது.

மார்ச் மாதம், பழனி அடிவாரத்தில் ஞானவேல் என்பவரின் கடைக்கு மூன்றாவதை எழுதியிருந்தாள். விதிப்படி சரிதான். பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஞானவேலின் மனைவி புவனா படியில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று தேவசேனா நினைத்தாள்.

“அடுப்ப இன்னும் எடுக்கல மேடம். ஒரு டீ போடட்டுங்களா?” என்று கேட்டாள் புவனா.

சோலி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள் தேவசேனா. அன்றிலிருந்து எந்தக் கடையில் டீ குடித்தாலும் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது.

பத்தொன்பதாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று தொட்டாள். எட்டு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய். மனம் மாறுவதற்குள் அனுப்பியும்விட்டாள்.

பாவாவைக் கூப்பிட்டு, நாற்பத்திரண்டும் சரி என்றாள். அதோடு ஒரு நல்ல செய்தியும் சொன்னாள். ஒரு சோதனை குறையில்லாமல் முடிந்தால் பழைய எச்சரிக்கைகள் இரண்டும் அழிந்துவிடும். கணக்கு மறுபடி முதலிலிருந்து. அடுத்த சோதனை ஒரு வருடம் கழித்துத்தான்.

பாவா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியது. நன்றியெல்லாம் வேண்டாம், இனியாவது கவனமாக இருங்கள் என்று சொல்லித் தேவசேனா பையை எடுத்தாள்.

உள்ளேயிருந்து ஃபக்ருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

“எழுதல. பழசு ரெண்டையும் அழிச்சுட்டாங்களாம்” என்றார் பாவா.

அனுப்பியதைத் திருத்த முடியுமா என்று ஃபக்ருன்னிசா மெதுவாகக் கேட்டாள். தேவசேனாவுக்குப் புரியவில்லை. அது கோயம்புத்தூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி யாராலும் திருத்த முடியாது என்றாள்.

ஃபக்ருன்னிசா மேஜை டிராயரைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தாள். பதினான்காம் பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்பது போலிருந்தது அவள் முகம்.

கேள்விகள் நாற்பத்திரண்டும் தேவசேனாவுக்கு மனப்பாடம். ஒப்பந்தத்தை அவள் ஒரு நாளும் முழுதாகப் படித்ததில்லை. பென்சிலால் கோடு போட்டிருந்த இரண்டு வரிகளை இப்போது படித்தாள்.

பத்து வருடம் முடியுமுன் கடைக்காரர் தானாக விலகினால், அடுத்த ஐந்து வருடம் அதே ஊரில் சொந்தமாக டீக்கடை நடத்தக் கூடாது. கம்பெனியே ரத்து செய்தால் அந்தத் தடை இல்லை.

ஓரத்தில், பென்சிலாலேயே, ‘இன்னும் ஆறு வருசம்’ என்று எழுதியிருந்தது.

தேவசேனா இரண்டாம் முறையும் படித்தாள். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தால் கம்பெனி ரத்து செய்யாது, அந்தப் பயம்தான் என்றார் பாவா.

ஃபக்ருன்னிசா ஒப்பந்தத்தை மூடினாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“இந்தத் தடவ எங்கள வெலக்கிருவீங்கன்னு உங்களத்தான் நம்பியிருந்தோம் மேடம்.”