முதல் ஆளாக வெளியே

"அப்பா, அந்த ஜப்பான் படம் பாத்தீங்களா?" சென்னையிலிருந்து போனில் கேட்டான் அகிலன்.

"செல்லுல பாத்தேன்டா. கடைசியில பேரெல்லாம் ஓடி முடியுற வரைக்கும் எந்திரிக்கல. ஒழைச்சவங்களுக்கு அதுதான் மரியாதை" என்றார் மெய்யநாதன்.

"போன வாரம் புதுக்கோட்டைக்கு வந்த தமிழ்ப் படம்?"

"நேத்துப் பாத்தேன். சுமார்தான். கூட்டம் எறங்குறதுக்குள்ள மொத ஆளா வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

"சரிப்பா, வைக்கிறேன்."

பக்கத்தில் நின்ற மனைவி செவந்தி கேட்டாள்: "கடைசியில ஓடுன பேரப் பாக்கலியா?"

"தமிழ்ப் படத்துல அத யாரு பாக்குறா?"

"ஆறு வருசமா அசிஸ்டென்ட் டைரக்டரா அலையுற நம்ம புள்ளைக்கு இதுலதாங்க மொத மொத பேரு வந்திருக்கு. அப்பாவே பாக்கட்டும், நீ சொல்லாதம்மான்னான்."

மெய்யநாதன் அவசரமாக வண்டிச் சாவியை எடுத்தார். நேற்றோடு அந்தப் படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டது நினைவுக்கு வந்தது. சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.