மாற்றாத குழாய்

"என் புற்றுச் செல்லும் நகருதுடி, மேரன்!" டாலியா டோனட் பெட்டியை நீட்டினாள். சோதனை பலித்தவர் டோனட் வாங்கவேண்டும் என்பது அந்த மினியாப்பொலிஸ் ஆய்வகத்தின் வழக்கம். "இனிமே நீ மட்டும் அலட்டிக்க முடியாது."

மேரன் ஒன்றை எடுத்து, கடிக்காமல் மேசைமேல் வைத்தாள். மார்பகப் புற்றுச் செல்கள் எப்படிப் பரவுகின்றன என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. டாலியாவுடையது தோல் புற்று. போன மாதம் அவசரத்தில் மேரன், தன் செல்களைத் தொட்ட உறிஞ்சுகுழாயை மாற்றாமல், டாலியா தன் செல்களுக்கு ஊற்றும் ஊட்டத் திரவப் புட்டிக்குள் விட்டிருந்தாள். ஒரு துளி போதும், வந்த செல்கள் பெருகி இருந்தவற்றை விழுங்கிவிடும். டாலியாவின் தட்டில் நகர்பவை தன் செல்கள்தான்.

டாலியா இதைக் கருத்தரங்கில் அறிவித்து அவமானப்படும் முன் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் மருகிவிட்டு, சொன்னாள்.

டாலியா கோபப்படவில்லை. "உன்னுது மாதிரியே நகருதேன்னு எனக்கும் சந்தேகம். உன்னுது, என்னுது ரெண்டையும் எந்தப் புற்றுன்னு பாக்கப் பரிசோதனைக்கு அனுப்பினேன். என்னுது சுத்தம்டி, தோல் புற்று மட்டுந்தான்."

"அப்பாடா!" மேரன் அவளைக் கட்டிக்கொண்டாள்.

டாலியாவின் கைகள் எழவில்லை.

"உன் தட்டுல இருக்கறதும் என் செல்லுதான். இங்க சேர்ந்த புதுசுல நானும் ஒரு தடவ குழாய மாத்தாம உன் புட்டியில விட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன், மேரன். மூணு வருஷமா நீ ஆராய்ச்சி பண்ணினது மார்பகப் புற்றே இல்ல."