நாலு மணி

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையின் கண்காட்சிக் கூடத்தில் பாக்கியவதி பேசி முடித்ததும் பின்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிக்க மாட்டாரா பின்னே? உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்று ஓர் இழை இருக்கிறதாம். நான்கே எழுத்தை மும்மூன்றாகச் சேர்த்து உடம்பு தன் சங்கதியையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறதாம். நாளைக்குக் கம்ப்யூட்டரில் இருப்பதையும் அதே இழையில் எழுதலாமாம். மைன் ஆபீஸ் அலமாரிகள் மொத்தமும் ஒரு கடுகுக்குள் அடங்கிவிடுமாம்.

1969-ல் இதைச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்.

வாசலோரம் நின்ற அவள் அப்பா ஏசுபாதம் சிரிக்கவில்லை. இந்த அறிவியல் போட்டியில் மகள் ஜெயித்தால் பெங்களூர்க் கல்லூரியில் இடம். தோற்றால் திங்கட்கிழமை முதல் டைப் அடிக்கப் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து முகம்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தார் மனிதர்.

நடுவராக வந்த பெங்களூர்ப் பேராசிரியர் மேசைமேல் இருந்த பாசிமணிகளைப் பார்த்தார். சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. நான்கு எழுத்துக்கு நான்கு நிறம். எந்த மூன்று சேர்ந்தால் எந்த ஒலி என்று சுவரில் அட்டவணை தொங்கியது.

அவள் காதில் ஒரு பெயரைச் சொன்னார். அவள் பதினைந்து மணிகளைக் கோத்தாள்.

“நீயே கோத்து நீயே படிச்சா எப்படிம்மா? வேற யாராவது படிக்கட்டும்.”

அட்டவணையைப் பார்த்தே எல்லோருக்கும் தலை சுற்றியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாக்கியவதியின் முகம் வாடிப்போனது.

“நா படிக்கிறேங்க சார்” என்று ஏசுபாதம் முன்னால் வந்தார்.

மேசையில் விரலால் தட்டினார். சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று, கறுப்புக்கு நான்கு. சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் கூண்டான கேஜை ஏற்றவும் இறக்கவும் இருபது வருஷம் ஷாஃப்ட் வாயிலில் மணி அடித்த கை, பிசகுமா?

போன மாதம் மகள், நாலு மணிக்கும் அடையாளம் வைக்க வேண்டும் என்று புலம்பியபோது, அவள் சொன்னது பாசிமணியை என்று அவருக்குப் புரியவில்லை.

“இன்னாம்மா கஷ்டம்? ஒரு மணின்னா தூக்கு, ரெண்டுன்னா இறக்கு, மூணுன்னா ஆளு இருக்கு.”

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு நிறங்களுக்கு அதையே அடையாளமாக வைத்துக்கொண்டாள். அன்று முதல் அந்த வீட்டில் அப்பனும் மகளும் பேசுவதெல்லாம் தட்டித்தான்; தட்டாத தட்டில்லை, தட்டாத கதவில்லை.

“க... ம... ல...” அட்டவணையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. “கமலம்மா.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் அம்மா பெயர்.

பின்வரிசையில் சிரித்தவரே முதலில் கைதட்டினார். அப்புறம் கூடமே அதிர்ந்தது. ஏசுபாதத்துக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

கல்லூரிப் படிவம் வந்தது. அட்டவணை முழுவதையும் மனப்பாடம் செய்தவர் என்ற மரியாதையோடு பேராசிரியர் தன் சொந்தப் பேனாவையே திறந்து நீட்டி, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

ஏசுபாதம் பேனாவை வாங்கவில்லை. இடது கட்டைவிரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, இங்க் பேட் இருக்கிறதா என்று கேட்டார்.