நாற்பது நிமிடம்

“கப்பல் ரூம்ல பசங்க நாற்பது நிமிஷம் நிக்கிறாங்க. உங்க டைனோசர் ரூம்ல அஞ்சே நிமிஷம்!” என்றார் அருங்காட்சியக மேலாளர்.

டைனோசர் அறையின் டேப்லெட் காட்சியை உருவாக்கியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பள்ளிப் பிள்ளைகள் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தால், திரையில் எலும்புக்கூடு சதை பிடித்து நடக்கும். அதற்காக மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகப் பொருத்தியவள் அவள். நேற்று வேலைக்குச் சேர்ந்த சோடாபுட்டிக் கண்ணாடிக்காரன், ஒரு கப்பலை மிதக்கவிட்டுப் பேரைத் தட்டிக்கொண்டு போவதா?

அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவனுடைய புரோகிராமை அப்படியே சுட்டாள். சுட்ட நகலில் கப்பலைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் தன் டைனோசரை ஏற்றினாள்.

மறுநாள் டைனோசர் அறையை விட்டு ஒரு பிள்ளைகூட நகரவில்லை. பத்து நிமிடம், இருபது, நாற்பது!

“பிரமாதம்! மத்த பன்னெண்டு ரூமுக்கும் இதையே போட்டுடுங்க” என்று கைகொடுத்துவிட்டுப் போனார் மேலாளர். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்னால் நின்ற சிறுமியிடம் குனிந்தாள்.

“டைனோசர் அவ்வளவு பிடிச்சிருக்கா கண்ணு?”

“அது எப்பவோ முடிஞ்சிருச்சு, ஆன்ட்டி. டேப்லெட்ல ‘அடுத்த அறை’ன்னு பட்டன் வந்தாதான் நகரணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. அது வரவே மாட்டேங்குது. கப்பல்லயும் இப்படித்தான், பின்னாடி வேற ஸ்கூல் வந்து தள்ளுற வரைக்கும் நின்னோம். கால் வலிக்குது, ஆன்ட்டி!”