நடுங்காத சாட்சி

“பதற்றத்தை அடக்குற மாத்திரையை ஏன்டி காப்பியில கலந்தே? இன்னைக்குப் போய்—”

“நீ நடுங்குறதைப் பார்த்துக்கிட்டு நான் எப்படிக்கா சும்மா—”

“நடுங்கணும்டி. அதுதானே என் சாட்சி.”

மூன்று பெண்களைக் கத்தியால் குத்தியவன் பரோல் கேட்டிருந்தான். உயிர் பிழைத்தவள் செண்பகவல்லி மட்டுந்தான். ஆட்சேபம் தெரிவிப்பவரின் மணிக்கட்டில் பட்டை கட்டி, உடம்பிலுள்ள பயத்தை அளந்துதான் பரோல் குழு முடிவெடுக்கும்; வாய்ச்சொல் அங்கே எடுபடாது.

கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். நெஞ்சு அசையாத குளமாய்க் கிடந்தது. காலையில் வீட்டுக்கே வந்து கட்டிவிட்டுப் போன பட்டை பச்சையாய் எரிந்தது. பச்சை என்றால் பயமில்லை; அவனுக்குப் பரோல்.

“வாய்தா கேப்போம்க்கா,” என்று தங்கை இந்திராணி விசும்பினாள்.

“கேட்டாச்சு. தரமாட்டாங்களாம். அழுகையை நிறுத்திட்டு அடுக்களைக் கத்தியை எடு. அவன் வந்த மாதிரியே பின்னாலேர்ந்து வா. எப்ப வர்றேன்னு மட்டும் சொல்லாதே.”