பயம் பத்துக்கு எவ்வளவு?

"கம்பியை விடாதேங்கோ பிள்ளை!"

பூநகரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏற வந்த இரண்டு பெண்களில் மூத்தவள் கீழே நிற்க, இளையவள் படியில் ஒரு காலோடு நடுங்கினாள்.

"ஏலாதக்கா, இறங்கப் போறன்."

"இப்ப இறங்கினா நாளைக்குப் பயம் இன்னும் கூடும். பத்துக்கு எவ்வளவு?"

"ஒன்பது."

"அப்படியே நில்லுங்கோ, தானாக் குறையும்... இப்ப?"

"ஆறு."

"சரி, மற்றக் காலையும் வையுங்கோ."

"ஏறுறியளோ, இல்லையோ? அடுத்த பஸ் பின்னேரம்தான்!" கண்டக்டர் கத்தினார்.

தள்ளி நின்ற மதிப்பீட்டு அதிகாரி சிவகரன் வேகமாகக் குறித்துக்கொண்டார். பெயரளவில் மட்டுமே தெரிந்த மனநல ஆலோசகர் சுரேகா, பயிற்சியில் படித்தபடி சிகிச்சை செய்கிறாளா என்று பார்க்க, அவளுக்கு அறிவிக்காமலே வந்திருந்தார். அவர் தேர்ச்சி என்று எழுதினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

இளையவள் ஒருவழியாக உள்ளே போய் இருந்தாள். சிவகரன் ஓடி வந்தார்.

"ஒரு இடத்திலையும் பிசகேல்லை சுரேகா! முழுப் புள்ளி!"

மூத்தவள் படியில் கால்வைத்தபடி திரும்பினாள்.

"நான் கமலேஸ்வரி, சேர். பஸ் பயத்துக்கு வைத்தியம் எடுக்கிறவள். சுரேகா மிஸ் அந்தா உள்ளுக்கு இருக்கிறா. எனக்குத் துணையா வந்தவா, பஸ்ஸைக் கண்டதும் அவாவே நடுங்கிப்போனா. ஆறு கிழமையா அவா எனக்குச் சொன்னதைத்தான் நான் இப்ப அவாவுக்குச் சொன்னனான்."