உலை வீட்டு எழவு

"ஐயோ, கபெம்ப்வாவோட உலை செத்துப்போச்சே! ஓடியாங்களேன்!"

பக்கத்து உலை ஜெரே தலையில் அடித்துக்கொண்டு போட்ட ஒப்பாரியில் கிட்வே நகரத்துச் செம்பு உருக்காலையே திரும்பிப் பார்த்தது.

இவனைத் தூக்கி உலைக்குள் போட்டால் என்ன என்றிருந்தது கபெம்ப்வாவுக்கு. துடைப்பம் பிடித்து வேலையைத் தொடங்கியவனுக்கு மேஸ்திரியாக இன்றுதான் முதல் ஷிஃப்ட். "முதல் மாசத்துல அடுத்த உலைக்காரங்களை உதவிக்குக் கூப்பிட்டே, மறுபடி துடைப்பம்தான்" என்று மேலாளர் சிலுஃப்யா அம்மா காலையிலேயே எல்லார் முன்னாலும் எச்சரித்திருந்தார்.

உலையிலோ உருகிய தாதுவின் கசடு அசையவில்லை. அது ரசம்போல ஓடினால்தான் செம்பு அடியில் தங்கும். இதுவோ கம்பியை விட்டு எடுத்தால் களிபோல அப்பிக்கொண்டு வந்தது. கரி போட்டால் இளகும். அவன் தொட்டியில் கரி தீர்ந்திருந்தது. யாரிடமும் கேட்கவும் முடியாது.

"வாயை மூடுடா, எலி தின்னி!"

"குரங்கு தின்னி கை பட்டா உலை பொழைக்குமா மச்சான்?"

கபெம்ப்வா பெம்பா, ஜெரே ங்கோனி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. ஊர் வழக்கப்படி அடுப்புக்குக் கரிக் கூடையோடு போகும் எழவு வீட்டில்கூட ஏசலாம்; கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. கபெம்ப்வா பல்லைக் கடித்தான்.

ஜெரே தரையில் விழுந்து புரண்டான். அடுத்தடுத்த உலைக்காரர்கள் இடுப்பில் கூடையோடு மாரடித்துக்கொண்டே வந்துவிட்டார்கள்.

"நேத்துகூட நல்லா புகைவிட்டுச்சே!"

"ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே ராசா!"

அழுதபடியே ஆளுக்கொரு கூடைக் கரியை உலைக்குள் கொட்டினார்கள். கபெம்ப்வா வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சற்று நேரத்தில் கசடு நெளிந்தது, இளகியது, சளசளவென்று வாய்க்காலில் ஓடியது.

"பொணம் எந்திரிச்சிருச்சுடா!"

கூச்சலுக்கு நடுவே சிலுஃப்யா அம்மா வந்து நின்றார். காலிக் கூடைகளைப் பார்த்தார். கபெம்ப்வாவைப் பார்த்தார்.

"இவங்களை யாரு உதவிக்குக் கூப்பிட்டது?"

கபெம்ப்வாவுக்குத் துடைப்பம் கண்முன் வந்து நின்றது.

ஜெரே கண்ணைத் துடைத்தபடி எழுந்து வந்தான்.

"உதவிக்கு யாருங்கம்மா வந்தா? எழவுக்கு வந்தோம். எவ்வளவுதான் ஏசினாலும், எழவு வீட்டுக்கு ஒரு கூடைக் கரிகூட இல்லாம வெறுங்கையோட வர முடியுமா?"